அனுமன் பேசாத வசனம்: ‘ஆதிபுருஷ்’ விவகாரம், ஒரு நிகழ்வு ஆய்வு

2023 ஜூன் 16, வெள்ளிக்கிழமை. ‘ஆதிபுருஷ்’ திரையிட்ட அரங்குகளில் ஓர் இருக்கையை விற்காமல் விட்டு வைத்தார்கள். ராமாயணம் சொல்லப்படும் இடத்துக்கெல்லாம் அனுமன் வந்துவிடுவார் என்பது நெடுநாள் நம்பிக்கை. வருபவருக்கு உட்கார இடம் வேண்டாமா? படக்குழுவே அறிவித்த ஏற்பாடு இது. சில ஊர்களில் அந்த இருக்கைக்குக் காவித் துணி போர்த்தி, அனுமன் படம் வைத்து, மாலையும் போட்டார்கள்.

அன்று சாயங்காலத்துக்குள் நாடு முழுக்கச் சுற்றியது அந்த மாலை போட்ட இருக்கையின் படம் அல்ல. படத்தில் அனுமன் பேசும் ஒரு வசனம்.

வாலில் துணி சுற்றி, எண்ணெய் ஊற்றித் தீ வைத்தாகிவிட்டது. ராவணன் மகன் இந்திரஜித் கேலியாக, ‘எரியுதா?’ என்கிற தோரணையில் சீண்டுகிறான். அதற்கு அனுமன் சொல்லும் பதிலைத் தமிழில் ஏறக்குறைய இப்படிச் சொல்லலாம்: “துணி உங்கப்பனுது, எண்ணெய் உங்கப்பனுது, நெருப்பும் உங்கப்பனுது. அப்போ எரியப்போறதும் உங்கப்பனுக்குத்தான்.”

ஏறக்குறைய என்று சொல்வதற்குக் காரணம் உண்டு. இந்தி மூலத்தில் ‘ஜலேகீ’ (எரியும்) என்பது பெண்பால் வினை. எது எரியும் என்பதற்கான பெயர்ச்சொல் வாக்கியத்தில் இல்லை. சொல்லாமல் விட்ட அந்த இடத்தில்தான் இரட்டை அர்த்தம் உட்கார்ந்திருக்கிறது. வட இந்தியத் தெருவில் இளவட்டங்கள் ஒருவரை ஒருவர் சீண்டும்போது பேசும் பேச்சு இது. நம் ஊரில் ‘உனக்கு ஏன்டா எரியுது’ என்று கேட்டுவிட்டு, எங்கே எரிகிறது என்பதைச் சொல்லாமல் சிரிப்பார்களே, அந்த வகை.

இந்த ஒரு வசனத்தை வைத்தே முழு விவகாரத்தையும் பார்த்துவிடலாம் என்பது என் எண்ணம். படத்தில் வேறு குறைகளும் உண்டு, அவற்றுக்கும் வருகிறேன். ஆனால் ஒரு காவியத்தை மறுபடி சொல்பவர் எங்கே சறுக்குகிறார் என்பது இங்கே தெரிவதுபோல வேறெங்கும் தெரியவில்லை.

நடந்தது என்ன

ஓம் ராவத் இயக்கம். ராமனாகப் பிரபாஸ், சீதையாகக் கிருத்தி சனோன், ராவணனாக சைஃப் அலி கான். வசனம் மனோஜ் முந்தஷிர் சுக்லா. செலவு 500 கோடி ரூபாய்க்கு மேல் என்று பத்திரிகைகள் எழுதின. பாத்திரங்களுக்கு ராகவ், ஜானகி, சேஷ், பஜ்ரங், லங்கேஷ் என்று பெயர். எல்லாமே ராமாயணத்தில் புழங்கும் மறுபெயர்கள்தான். ஆனால் ‘இது ராமாயணம் அல்ல, ராமாயணத்தால் தூண்டப்பட்டது’ என்று பின்னால் வாதாட இந்தப் பெயர்கள் உதவின.

புகைச்சல் படம் வருவதற்கு முன்பே தொடங்கியிருந்தது. ராவணனின் மனிதப் பக்கத்தைக் காட்டப்போகிறோம், சீதையைக் கவர்ந்ததற்கு அவனுக்கும் ஒரு நியாயம் உண்டு என்று சைஃப் அலி கான் 2020 டிசம்பரில் ஒரு பேட்டியில் சொல்லப்போக, எதிர்ப்பு வந்தது. மன்னிப்புக் கேட்டார். 2022 அக்டோபர் 2 அன்று அயோத்தியில் முன்னோட்டம் வெளியிட்டார்கள். கணினி வரைகலை பொம்மைப்படம் போல இருக்கிறது என்று ஒரு கூட்டம் சிரித்தது. அனுமன் உடம்பில் தோல் வார் போன்ற உடை எப்படி வந்தது என்று மத்தியப் பிரதேசத்தின் அன்றைய உள்துறை அமைச்சர் கேட்டார். 2023 ஜனவரியில் வர வேண்டிய படம் ஜூனுக்குத் தள்ளிப்போனது.

வெளியான முதல் மூன்று நாளில் உலகம் முழுக்க 340 கோடி வசூல் என்று தயாரிப்பாளர்கள் அறிவித்தார்கள். நாலாம் நாள் திங்கட்கிழமை, வசூல் சரசரவென்று இறங்கியது. அதற்குள் 18ஆம் தேதியே வசனகர்த்தா ஒரு விளக்கம் எழுதினார். 4,000 வரிகளுக்கு மேல் எழுதியிருக்கிறேன், 5 வரிகள் சிலர் மனத்தைப் புண்படுத்தியிருக்கின்றன, அவற்றை மாற்றுகிறோம் என்று அதில் இருந்தது.

சொன்னபடி அதே வாரம் மாற்றினார்கள். ‘அப்பன்’ போய் ‘லங்கா’ வந்தது. துணி உன் லங்காவினுடையது, எண்ணெய் உன் லங்காவினுடையது, நெருப்பும் உன் லங்காவினுடையது, எரியப்போவதும் உன் லங்காதான். இந்தியில் லங்கா பெண்பால் பெயர். அதனால் ‘ஜலேகீ’ என்ற வினையைத் தொட வேண்டிய வேலையே இல்லை. ஏறக்குறைய ஒரு சொல்லை எடுத்து இன்னொன்றைச் செருகினால் போதும். அவ்வளவு சுலபமாக முடிந்தது.

முடிந்ததா? கூட்டம் திரும்பவில்லை. டிக்கெட்டை 150 ரூபாய் ஆக்கினார்கள், அப்புறம் 112 ஆக்கினார்கள். ஜூலை 8 அன்று வசனகர்த்தா கைகூப்பி நிபந்தனையற்ற மன்னிப்புக் கேட்டார். ஆகச் சொல்லை மாற்றிய பிறகும் ஏதோ ஒன்று சரியாகவில்லை. அது என்ன?

வால் எரியும்போது அனுமன் என்ன செய்தார்

பழைய நூல்களைத் திறந்து இந்தக் காட்சியை மட்டும் பார்ப்போம்.

வால்மீகியின் சுந்தர காண்டத்தில் அரக்கர்கள் பழைய பருத்தித் துணிகளை வாலில் சுற்றுகிறார்கள், எண்ணெயில் நனைக்கிறார்கள், தீ வைக்கிறார்கள், ஊர்வலமாக இழுத்துப் போகிறார்கள். அனுமன் அப்போது யாருக்கும் பதில் சொல்லவில்லை. மனசுக்குள் கணக்குப் போடுகிறார். இவர்களை அடித்துப் போட எனக்கு முடியும், ஆனாலும் ராமனுக்காகப் பொறுத்துக்கொள்வோம். ராத்திரியில் பார்த்ததால் இலங்கையின் கோட்டை அமைப்பு சரியாகப் பிடிபடவில்லை. இப்போது பகலில் இவர்களே தெருத்தெருவாகக் கூட்டிப் போகிறார்கள், நன்றாகப் பார்த்துக்கொள்ளலாம். இதுதான் அவர் யோசனை. அவமானப்படுத்த நினைத்தவர்கள் ஒற்றனுக்கு வழிகாட்டிகளாகிவிட்டார்கள், அது அவர்களுக்கே தெரியவில்லை. இதைவிடப் பெரிய கேலி எந்த வசனத்தில் வரும்?

அப்புறம் வால் சுடவில்லை என்று உணர்கிறார். ஏன் சுடவில்லை என்று தனக்குத்தானே கேட்டு, சீதையின் கருணை, ராமனின் தேஜஸ், தன் தந்தை வாயுவுக்கும் அக்கினிக்கும் உள்ள நட்பு என்று மூன்று காரணம் எண்ணுகிறார்.

துளசிதாசருக்கு வருவோம். படத்தின் வசனத்துக்கு வித்து எங்கிருந்தோ வந்திருக்க வேண்டுமே என்று தேடினால், அது துளசியில் கிடைக்கிறது. ராமசரிதமானஸில் அனுமன் வாலை நீட்டிக்கொண்டே போகிறார். சுற்றச் சுற்றப் போதவில்லை. ஊரில் துணி இல்லை, நெய் இல்லை, எண்ணெய் இல்லை என்று ஆகிவிடுகிறது. ‘குரங்கு ஒரு விளையாட்டு விளையாடியது’ என்று துளசி ஒரே வரியில் சொல்லிவிட்டுப் போகிறார். துணி, எண்ணெய், நெருப்பு எல்லாம் எதிரி செலவு என்கிற நகைச்சுவை அங்கேயே இருக்கிறது. ஆனால் அது செயலில் இருக்கிறது. துளசியின் அனுமன் ராவணன் சொத்தைக் காலி செய்கிறார். படத்தின் அனுமன் அதை வாயால் பட்டியல் போட்டுக் காட்டுகிறார். சிரிப்பு ஒன்றுதான், ஆள் வேறாகிவிட்டார்.

கம்பனில் தீ வைப்பதற்கு முந்தைய கட்டம்தான் எனக்கு மிகப் பிடித்தது. கட்டுண்டு நிற்கும் குரங்கைப் பார்த்து ராவணன் கேட்கிறான்: நீ சக்கரம் ஏந்திய திருமாலா, வச்சிரம் ஏந்திய இந்திரனா, மழு ஏந்திய சிவனா, தாமரையில் இருக்கும் பிரமனா? கேலியும் இருக்கிறது, உள்ளூர ஒரு சந்தேகமும் இருக்கிறது. அனுமனின் பதில்:

“சொல்லிய அனைவரும் அல்லென், சொன்ன அப்
புல்லிய வலியினோர் ஏவல் பூண்டிலென்;
அல்லி அம் கமலமே அனைய செங்கண் ஓர்
வில்லிதன் தூதன் யான், இலங்கை மேயினேன்.”

நீ சொன்ன யாரும் நான் இல்லை. அந்த அற்ப பலம் உள்ளவர்கள் ஏவி வந்தவனும் இல்லை. செந்தாமரைக் கண்ணன் ஒரு வில்லாளி, அவன் தூதன் நான். வந்திருக்கிறேன். முடிந்தது. இந்திரனையும் மற்றவர்களையும் ‘புல்லிய வலியினோர்’ என்று போகிற போக்கில் தள்ளிவிடுகிறார். நீ யாரை ஜெயித்தேன் என்று மார்தட்டுகிறாயோ அவர்கள் எங்களுக்குப் பொருட்டே இல்லை என்று அதற்குப் பொருள். ராவணனுக்கு இதைவிடக் கூரான குத்து கிடையாது. ஆனால் ஒரு சொல்லைக்கூட அசிங்கமானது என்று சொல்ல முடியாது. இதுவும் கெத்தான வசனம்தான். இன்றைக்குத் திரையில் பேசினால் விசில் பறக்கும்.

இவர் இப்படிப் பேசுவது தற்செயல் அல்ல. அனுமனின் அறிமுகமே அவர் பேச்சை வைத்துத்தான் நடக்கிறது. கிஷ்கிந்தையில் முதல் சந்திப்பில் ராமன் தம்பியிடம் சொல்கிறான்: ரிக், யஜுர், சாமம் படிக்காதவனால் இப்படிப் பேச முடியாது; இலக்கணத்தைப் பலமுறை கேட்டிருக்க வேண்டும்; இத்தனை பேசியும் ஒரு சொல் பிழை இல்லை; முகத்தில், கண்ணில், புருவத்தில் ஒரு கோணல் இல்லை; வாளை ஓங்கிய எதிரியின் மனத்தைக்கூட இந்தப் பேச்சு வசப்படுத்தும். இது வால்மீகி. கம்பன் இதையெல்லாம் சுருக்கி, “யார்கொல் இச் சொல்லின் செல்வன்?” என்று கேட்க வைத்தான். தமிழ்நாட்டில் அதற்கப்புறம் நன்றாகப் பேசுகிற யாரைப் பார்த்தாலும் ‘சொல்லின் செல்வர்’ என்று பட்டம் கொடுத்துவிடுகிறோம். அரசியல் மேடை வரைக்கும் போய்விட்ட அந்தப் பட்டம் முதலில் ஒரு குரங்குக்குக் கொடுத்தது.

இலங்கையிலிருந்து திரும்பி வந்து சொல்லும் முதல் சொல்லும் அப்படித்தான். ‘சீதையை’ என்று தொடங்கினால் அடுத்து என்ன வருமோ என்று ஒரு நொடி ராமன் மனம் துடிக்கும். அதனால் ‘கண்டனென்’ என்று தொடங்குகிறார். ஒரு நொடிப் பதற்றத்தைக்கூட மிச்சம் பிடிக்கத் தெரிந்த ஆள். அவர் வாயில்தான் ‘உங்கப்பனுது’ வருகிறது.

‘எளிய மொழி’ என்ற சமாதானம்

வசனகர்த்தா தன் பக்கத்தில் சொன்னதையும் கேட்க வேண்டும். இது கவனக்குறைவால் வந்த தவறு அல்ல, யோசித்துத்தான் எழுதினோம் என்றார். எல்லாரும் ஒரே மாதிரி பேச முடியாது, அனுமனின் வசனத்தை வேண்டுமென்றே எளிமைப்படுத்தினோம், நாட்டில் கதை சொல்பவர்கள் இப்படித்தான் சொல்கிறார்கள், பாட்டிமார் சொல்லும் கதையிலும் இந்த மொழிதான் என்றார்.

இதில் பாதி உண்மை. துளசியே சம்ஸ்கிருதத்தை விட்டு அவதியில், ஊர் ஜனங்கள் பேசும் மொழியில் எழுதியவர்தான். எளிய மொழி என்பதற்காக ஒரு படத்தைக் குறை சொல்வது அபத்தம். நம் கதாகாலட்சேபத்தில் பாகவதர் நடுவில் நிறுத்தி மாமியார் மருமகள் சண்டையை இழுத்து வந்து சிரிக்க வைப்பார். யாரும் எழுந்து போவதில்லை.

ஆனால் நாட்டுப்புறக் கலைக்கு ஒரு நுணுக்கம் உண்டு. எதை யார் வாயில் வைப்பது என்று அதற்குத் தெரியும். கன்னியாகுமரிப் பக்கம் தோல்பாவைக்கூத்தில் ராமாயணம் நடக்கும். அதில் உச்சிக்குடும்பன், உளுவத்தலையன் என்று இரண்டு பேர் வருவார்கள். வால்மீகியிலும் கிடையாது, கம்பனிலும் கிடையாது. பச்சையாகப் பேசுவது, அடித்துக்கொள்வது, அன்றைய ஊர் விவகாரத்தைக் கிண்டல் செய்வது எல்லாம் அவர்கள் பொறுப்பு. தெருக்கூத்தில் கட்டியங்காரனுக்கு அதே வேலை. ராஜாவையே கலாய்க்க அவனுக்கு உரிமை உண்டு. கொச்சைக்கென்று தனியாக ஆள் வைத்திருக்கிறார்கள். கூத்தில் அனுமனும் குறும்பு செய்வார், மரத்தை ஒடிப்பார், பல்லைக் காட்டுவார், கூட்டத்துக்குள் பாய்ந்து குழந்தைகளை அலற வைப்பார். உடம்பால் செய்யும் சேட்டைக்குக் குறைவே இல்லை.

படத்திலும் இதற்கு வழி இருந்தது. வானர சேனையில் ஒரு வாயாடியை உருவாக்கி அவனிடம் இந்த வசனங்களைக் கொடுத்திருந்தால் யாரும் கண்டுகொண்டிருக்க மாட்டார்கள். அதைச் செய்யவில்லை. கூத்தின் சுதந்திரத்தை எடுத்துக்கொண்டார்கள், கூத்தின் ஒழுங்கை விட்டுவிட்டார்கள்.

மாற்றுவது குற்றமா

இங்கே ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிட வேண்டும். ‘மூலத்தில் இப்படி இல்லை’ என்பதே குற்றச்சாட்டு என்றால் முதல் குற்றவாளி கம்பன்தான். வால்மீகியில் ராவணன் சீதையைத் தலைமுடியையும் தொடையையும் பற்றித் தூக்கிப் போகிறான். கம்பனின் ராவணன் அவளைத் தொடுவதில்லை. இருந்த குடிலோடு நிலத்தையே பெயர்த்துத் தூக்குகிறான். வில் முறிவதற்கு முன்பே மிதிலைத் தெருவில் ராமனும் சீதையும் ஒருவரையொருவர் பார்த்துக்கொள்வதும் கம்பன் சேர்த்தது. தமிழ் அகமரபில் பார்வைக்குப் பிறகுதான் கல்யாணம், அதனால் சேர்த்தான். தாய்லாந்தின் ராமகியனில் அனுமன் பெரிய காதல் மன்னன், பிரம்மச்சாரியே அல்ல. அந்த ஊர் மேடைக்கு அது பொருந்துகிறது.

இன்னும் தள்ளிப் போனால் புலவர் குழந்தையின் ‘இராவண காவியம்’. 1946இல் வந்தது, கதையைத் தலைகீழாகப் புரட்டி ராவணனைத் தமிழ்த் தலைவனாக்கியது. 1948இல் தடை செய்தார்கள், 1971இல்தான் தடை நீங்கியது. அதை ஏற்பவரும் உண்டு, வெறுப்பவரும் உண்டு. ஆனால் எதை மாற்றுகிறோம், எதற்கு மாற்றுகிறோம் என்று அந்த ஆசிரியருக்கு வரிக்கு வரி தெரிந்திருந்தது.

‘பண்பாட்டைத் தவறாகச் சித்தரிக்கிறது’ என்ற புகாரை எதன் மேலும் எறியலாம் என்பதையும் மறக்கக் கூடாது. ராமாயணம் பல வடிவங்களில் இருக்கிறது என்று விளக்கிய ஏ. கே. ராமானுஜனின் கட்டுரையை 2011இல் டெல்லிப் பல்கலைக்கழகம் பாடத்திட்டத்திலிருந்து எடுத்ததும் இதே மாதிரி புகாரால்தான். அந்தக் கட்டுரையில் கம்பனுக்கும் பெரிய இடம் உண்டு. ஆகவே புகார் வந்ததாலேயே படம் தப்பு என்று நான் சொல்ல வரவில்லை. மாற்றத்துக்குப் பின்னால் காரணம் என்ன என்று கேட்டால், ‘இன்றைய இளைஞர்களுக்குப் பிடிக்கும்’ என்பதற்கு மேல் பதில் இல்லை. சிக்கல் அங்கேதான்.

கறுத்துப்போன இலங்கை

ராவணன் விஷயமும் அப்படித்தான். சுந்தர காண்டத்தில் அவனை முதன்முதலில் அவையில் பார்க்கும் அனுமன் ஒரு கணம் அசந்து நிற்கிறார். என்ன அழகு, என்ன தைரியம், என்ன ஒளி, இந்த அதர்மம் மட்டும் இல்லையென்றால் தேவலோகத்துக்கே தலைவனாக இருக்கத் தக்கவன் என்று நினைக்கிறார். எதிரி வாயால் இந்தப் புகழ் வருகிறது. கம்பன், முதல் நாள் போரில் தோற்றுத் திரும்பும் ராவணனைச் சொல்லும்போதுகூட யானைகளோடு பொருத மார்பு, கயிலையை எடுத்த தோள், நாரதருக்கு ஏற்ப நயம்பட உரைத்த நா என்று வரிசையாக எண்ணி, அத்தனையையும் களத்தில் போட்டுவிட்டு ‘வெறுங்கையோடு இலங்கை புக்கான்’ என்று முடிக்கிறான். அவன் விழுவது வலிப்பதற்குக் காரணம், அவன் நின்ற உயரம் நமக்குத் தெரியும் என்பதுதான்.

படத்தில் ராவணன் கண்ணில் மை, நவீன முடிவெட்டு, மலைப்பாம்புகளை மேலே விட்டு மசாஜ். புஷ்பக விமானத்துக்குப் பதில் ஒரு ராட்சத வௌவால். எல்லா நூலும் பொன்னகரம் என்று வர்ணிக்கும் இலங்கை, கரிக்கட்டைக் கோட்டையாக நிற்கிறது. வெளிநாட்டு மாயாஜாலத் தொடர்களில் பார்த்த கோட்டையும் பறவையும் அப்படியே இறங்கி வந்திருக்கின்றன. முன்னோட்டம் வந்த நாளிலேயே சிலர், இது ராவணன் மாதிரி இல்லை, வரலாற்றுப் பாடத்தில் வரும் படையெடுப்பாளன் மாதிரி இருக்கிறது என்றார்கள். அவர்கள் அதைச் சொன்ன நோக்கத்தில் எனக்கு உடன்பாடு கிடையாது. ஆனால் புலஸ்தியர் வழியில் வந்தவன், சாமகானம் பாடிச் சிவனை மகிழ்வித்தவன் என்று கதை சொல்லும் ஒருவனின் சாயல் அந்த உருவத்தில் ஓர் இடத்திலும் இல்லை என்பது உண்மை.

பொன் நகரம் எரிந்தால்தான் எரிந்தது தெரியும். ஏற்கெனவே கருகிக் கிடக்கும் ஊரில் அனுமன் தீ வைத்து என்ன, வைக்காமல் என்ன?

ஜானகி யார் மகள்

காட்மாண்டுவில் வந்த எதிர்ப்பு வேறு மாதிரி. படத்தில் ஜானகியை ‘பாரதத்தின் மகள்’ என்று சொல்லும் ஒரு வசனம் உண்டு. சீதை பிறந்த இடம் நேபாளத்தின் ஜனக்பூர் என்று நம்பும் மக்களுக்கு அது உறைத்தது. வரியை எடுத்தால்தான் வெளியிட விடுவோம் என்றது அந்நாட்டுத் தணிக்கை. காட்மாண்டு மேயர் பாலேந்திர ஷா மூன்று நாள் கெடு வைத்தார். ஜூன் 19 முதல் மாநகரில் இந்தியப் படங்களே ஓடக் கூடாது என்று நிறுத்தினார். பொக்காராவும் சேர்ந்துகொண்டது. தயாரிப்பு நிறுவனம் மேயருக்கு வருத்தம் தெரிவித்துக் கடிதம் எழுதியது. ஜூன் 22 அன்று பாட்டன் உயர் நீதிமன்றம், தணிக்கை அனுமதித்த படங்களைத் தடுக்கக் கூடாது என்று இடைக்கால உத்தரவு போட்டது.

ராமன் காலத்தில் கடவுச்சீட்டு இல்லை. விதேகம் என்ற நாட்டுக்காரி, அதனால் வைதேகி. மிதிலைக்காரி, அதனால் மைதிலி. ஜனகன் மகள், ஜானகி. அவள் பெயரிலேயே ஊரும் அப்பாவும் இருக்கிறார்கள். அந்த மிதிலை இன்று இரண்டு பக்கமும் கிடக்கிறது. எல்லைக்கு அந்தப் பக்கம் ஜனக்பூர். இந்தப் பக்கம் பீகாரில் சீதாமடி, அங்கே புனௌராவில்தான் சீதை மண்ணிலிருந்து கிடைத்தாள் என்கிறார்கள். இரண்டு பக்கமும் மைதிலி பேசுகிறார்கள். ஜனக்பூரில் இருக்கும் பெரிய ஜானகி கோயிலைக் கட்டியது யார் தெரியுமா? இன்றைய மத்தியப் பிரதேசத்தில் இருக்கும் டீக்கம்கட் சமஸ்தானத்து ராணி, 1910 வாக்கில். ஒன்பது லட்சம் செலவானதாம், அதனால் நௌலகா என்று பெயர். விவாக பஞ்சமிக்கு அயோத்தியிலிருந்து மாப்பிள்ளை ஊர்வலம் எல்லை தாண்டி அங்கே போகிறது. இரண்டு பக்கத்து ஜனங்களும் சம்பந்தி முறை கொண்டாடுகிறார்கள். ஒரு வசனத்தில் அவளுக்குக் குடியுரிமை கொடுக்கப்போய், மாப்பிள்ளை வீட்டுக்கும் பெண் வீட்டுக்கும் வாய்க்கால் தகராறு ஆகிவிட்டது.

மேயரின் தடை எனக்குச் சரியாகப் படவில்லை. ஆனால் அந்த வரி எழுதும்போது ‘மிதிலையின் மகள்’ என்று எழுத ஒருவருக்கும் தோன்றவில்லையே.

நீதிமன்றத்தில்

விவகாரம் அலகாபாத் உயர் நீதிமன்றத்தின் லக்னோ அமர்வுக்குப் போனது. ராமன், லட்சுமணன், அனுமன், ராவணன், இலங்கை எல்லாரையும் காட்டிவிட்டு இது ராமாயணம் இல்லை என்று ஒரு அறிவிப்புப் போட்டால் ஜனங்கள் நம்பிவிடுவார்களா என்று நீதிபதிகள் கேட்டார்கள். ராமசரிதமானஸைப் படித்துவிட்டு வீட்டை விட்டுக் கிளம்புகிறவர்கள் இருக்கிறார்கள் என்றார்கள். இயக்குநர், தயாரிப்பாளர், வசனகர்த்தா மூவரையும் ஜூலை 27 அன்று நேரில் வரச் சொன்னார்கள். அதற்கு முன்பே, ஜூலை 21 அன்று, உச்ச நீதிமன்றம் அந்த நடவடிக்கையை நிறுத்தி வைத்தது. தணிக்கைச் சான்றிதழை ரத்து செய்யக் கேட்ட மனுவையும் தள்ளியது. மனம் புண்படும் ஒவ்வொருவருக்காகவும் நாங்கள் தணிக்கைக்கு மேல்முறையீட்டு மன்றமாக உட்கார முடியாது, படங்கள் புத்தகங்கள் விஷயத்தில் சகிப்பு குறைந்துகொண்டே போகிறது என்பது அங்கே சொன்னதன் சாரம்.

எனக்கு இரண்டாவதுதான் சரி என்று படுகிறது. ஒரு வசனம் மட்டமா இல்லையா என்று தீர்ப்புச் சொல்வது கோர்ட்டின் வேலை அல்ல, ரசிகனின் வேலை. அந்தத் தீர்ப்பு முதல் திங்கட்கிழமையே வந்துவிட்டது.

நான் அந்தப் படத்தை அரங்கில் பார்க்கவில்லை. பின்னால் கைப்பேசியில், துணைத் தலைப்போடு, நிறுத்தி நிறுத்திப் பார்த்தேன். வால் காட்சி வந்ததும் நிறுத்திவிட்டுச் சுந்தர காண்டத்தை எடுத்தேன். ஊரைக் கொளுத்தி முடித்த பிறகு வரும் பகுதி அது. எரியும் இலங்கையைத் திரும்பிப் பார்க்கும் அனுமனுக்குச் சட்டென்று வயிறு கலங்குகிறது: ஐயோ, சீதையும் இந்த ஊருக்குள்தானே இருக்கிறாள்? பொங்கும் கோபத்தைத் தண்ணீர் நெருப்பை அணைப்பதுபோல அறிவால் அணைப்பவர்கள் பாக்கியசாலிகள் என்று நொந்துகொள்கிறார். கோபம் தலைக்கேறியவன் எந்தப் பாவத்தைத்தான் செய்ய மாட்டான் என்கிறார். எதைப் பேசலாம், எதைப் பேசக்கூடாது என்பதுகூட அவனுக்குத் தெரியாது என்று அடுத்ததாகச் சொல்கிறார்.